லாபம், ரெண்டு

கல்யாண மண்டபத்தின் கூரையில் பன்னிரண்டு மின்விசிறிகள். அதில் இரண்டு ஓடவில்லை, ஓடாத இரண்டில் ஒன்று தன் தலைக்கு நேர் மேலே இருக்கிறது என்பதை அர்த்தநாரி மூன்றாவது முறையாக எண்ணி உறுதி செய்துகொண்டார். ஊர் விமான ஓடுதளத்தை மூடலாமா வேண்டாமா என்று கருத்துக் கேட்கிற கூட்டம், கையில் இருந்த அட்டையில் 14 என்று போட்டிருந்தது. மேடைக்குக் கீழே ஒலிவாங்கி முன்னால் ஆறாம் எண்காரர் பேசிக்கொண்டிருந்தார். இவரையும் சேர்த்து இன்னும் எட்டுப் பேர், ஆளுக்கு மூன்று நிமிடம், இருபத்துநாலு நிமிடம். இருபத்துநாலு நிமிடத்தில் குட்டி விமானம் ஒன்று கரட்டுமேட்டை நாலு சுற்றுச் சுற்றி இறங்கிவிடும். நாக்கில் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருந்தது. பதினோரு வருடமாகச் சர்க்கரை போடாமல் குடிக்கிற மனுஷன் இன்றைக்கு மூன்று கரண்டி போட்ட டீயை அடிவரைக்கும் குடித்தார், ஏனென்றால் அதைக் கலக்கிக் கொடுத்தது அந்த அம்மாள். மூன்று வரிசை முன்னால், ஓரத்து நாற்காலியில், சாம்பல் நிறச் சேலையும் தோளில் துணிப்பையுமாக உட்கார்ந்திருக்கிற எஸ்தர். பெரம்பூரில் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இங்கே விமானம் ஓட்டப் படித்த ஜெமிமாவின் தாய். கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் டீ மேசை அருகில் அவராகத்தான் வந்தார். "நீங்கதானே அர்த்தநாரி ஐயா? ஜெமி உங்களப் பத்தி அவ்ளோ சொல்லியிருக்கா." இவர் தலையை ஆட்டினார். பேசுவதற்குப் பதில் தலையாட்டுவதுதான் அவர் வழக்கம். அந்த அம்மாள் சர்க்கரை டப்பாவைத் திறந்து இவர் கோப்பையில் போட்டபடி எண்ணினார். "லாபம்... ஒண்ணு... ரெண்டு." பிறகு, சிரிக்க ஆரம்பித்து அதைப் பாதியில் விட்ட மாதிரி ஒரு முகத்தோடு, "இது உங்ககிட்ட அவ கத்துக்கிட்டதாம். வீட்ல அரிசி போட்டாலும் இப்டித்தான், டீக்குச் சர்க்கரை போட்டாலும் இப்டித்தான். மொதல்ல போடறது கணக்குல சேராதாம்மா, அது லாபமாம்னு சொல்லுவா." கோப்பையில் மூன்று கரண்டி விழுந்திருந்தது. அர்த்தநாரி கோப்பையை வாங்கிக்கொண்டார். விழுந்த கரண்டிகளை மனசுக்குள் மறுபடி எண்ணிப் பார்த்தார்.

ஆறாம் எண்காரர் பல் டாக்டர், பறக்கும் கழகத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பறக்கிறவர். "நம்ம ஊர் பைபாஸ்ல போன வருஷம் மட்டும் மோட்டார் சைக்கிள்ல செத்தவங்க முப்பத்தேழு பேரு. அதுக்காக ரோட்ட மூடிட்டமா?" என்று கேட்டார். பின்னால் இருந்து ஒரு குரல், "மோட்டார் சைக்கிளு எங்கூட்டு ஓட்டு மேல வந்து உழுகாதுங்க டாக்டரே!" என்றது, மண்டபம் சிரித்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி மணியைத் தட்டினார். பக்கத்து நாற்காலியில் இருந்த டீக்கடை நாச்சிமுத்து, விமான ஓடுதளத்து வாசலில் கடை வைத்திருப்பவன், அர்த்தநாரியின் முழங்கையை இடித்து, "பல்லப் புடுங்கறப்ப நம்மள ஒரு வார்த்த பேச உடமாட்டாரு, இங்க மட்டும் எத்தன பேச்சுப் பேசறாரு பாருங்கண்ணா" என்றான். அர்த்தநாரி சிரிக்கவில்லை. முப்பத்தேழு சரியான எண்தானா என்று மனம் போய்விட்டது. யார் எண்ணினார்கள், எதில் எழுதிவைத்தார்கள். தன்னிடம் இருப்பது எழுதிவைத்த எண். ஒன்பது நோட்டு, முப்பத்தொரு வருடம். எரிபொருள் ஊற்றுவதும் இறக்கையைத் துடைப்பதும் ஓடுதளத்தில் ஏறும் ஆட்டை விரட்டுவதும்தான் அவருக்குக் கொடுத்த வேலை, எண்ணச் சொல்லி யாரும் சொல்லவில்லை. முதல் நாளே ஒரு விமானம் ஏறிப்போனதும் அது திரும்பி வருகிற வரைக்கும் சோறு இறங்கவில்லை என்பதால் எழுத ஆரம்பித்தார். இடதுபக்கம் போனது, வலதுபக்கம் வந்தது. சாயங்காலம் இரண்டும் ஒத்துப் போனால்தான் சைக்கிளை எடுப்பார். ஒருமுறை எஞ்சின் கோளாறாகி எங்கோ கடலைக் காட்டில் இறங்கிய விமானத்தை மூன்றாம் நாள் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். லாரியில் வந்தாலும் வந்தது வந்ததுதான் என்று அன்றைக்கு எழுதினார், அதுவரைக்கும் இரண்டு ராத்திரி அந்தப் பக்கம் முடியாமலே இருந்தது. போனது அறுபத்தோராயிரத்து நானூற்றுப் பதினெட்டு. வந்தது அறுபத்தோராயிரத்து நானூற்றுப் பதினேழு. கழகத்துச் செயலாளர் கிருபாகர் போன வாரம் வீட்டுக்கே வந்து, நின்றபடி நோட்டைப் புரட்டிப் பார்த்து, "அருமைங்க பெரியவரே, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்! நீங்க ரொம்பப் பேச வேண்டாம். முப்பத்தொரு வருஷத்துல அறுபத்தோராயிரம் தடவ, அதுல ஒரே ஒண்ணு. இவ்வளவுதான். இத மட்டும் சொல்லிட்டு உக்காந்துருங்க" என்றார். ஒரே ஒன்று.

எண்ணும்போது ஒன்று என்று வாயில் வராது அவருக்கு. ஐந்தாம் வகுப்பு வாத்தியார் அடித்துக்கூடப் பார்த்தார். அப்பா களத்தில் தானியம் அளக்கிறவர், வள்ளப்படியைத் தலைதட்டிக் கொட்டும்போது முதல் வள்ளத்துக்கு ஒன்று என்று சொல்லமாட்டார், லாபம் என்பார். ஒன்று என்றால் ஒண்டி, ஒண்டியாகத் தொடங்கினால் ஒண்டியாகவே போகும், அதனால் லாபம், ரெண்டு, மூணு என்று போகவேண்டும். அளக்கிறவருக்கும் தெரியும், எதிரில் சாக்குப் பிடிக்கிறவருக்கும் தெரியும், லாபம் என்றால் அதுதான் ஒன்று. யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே வாய் அவருக்கும் வந்துவிட்டது. எரிபொருள் டப்பாவைத் தூக்கும்போதும், டயரில் காற்றடிக்கும்போதும், மழை பெய்த மறுநாள் காலையில் விமானத்தின் மூன்று குழாய்களையும் திறந்து அடியில் தங்கிய தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடிக்கும்போதும் அதே எண்ணிக்கைதான். இடது இறக்கை லாபம், வலது இறக்கை ரெண்டு, எஞ்சினுக்குக் கீழே வயிற்றுக் குழாய் மூணு. பெட்ரோல் வெளிர்நீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் குப்பியின் அடியில் அது தனியாக, கண்ணீர்ச் சொட்டுப் போலத் திரண்டு நிற்கும். அது நிற்காமல் போகிற வரைக்கும் கொட்டிக் கொட்டிப் பிடிக்கவேண்டும். மற்ற பிள்ளைகள் தூர நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கடைசியில் வந்து கழகத்துச் சோதனை நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள். ஜெமிமா மட்டும்தான் பக்கத்தில் குந்தவைத்து உட்கார்ந்து குப்பியைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். "என்னங்கய்யா இது, எடுத்த எடுப்புலயே லாபமா? இன்னும் வியாபாரமே ஆரம்பிக்கலியே!" என்று சிரித்தாள். பிறகு, "ஓ, மொதல்ல புடிக்கறது எக்ஸ்ட்ராவா? கணக்குல வராதா?" என்று கேட்டாள். கேட்டாள்தான். இருபத்தோரு வயசுப் பட்டணத்துப் பெண், மேல்சட்டையில் தங்க நிறப் பட்டை, முகத்துக்கு நேரே பார்த்துப் பேசுகிறவள். அவளிடம் அப்பா, களம், வள்ளம், ஒண்டி என்றெல்லாம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கூச்சமாக இருந்தது. அவர் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார். எப்படி ஆட்டினோம், மேலும் கீழுமாகவா, பக்கவாட்டிலா. இரண்டு வருடமாக ஞாபகத்துக்கே வராத தலையாட்டல் இப்போது மணிக்கணக்காக, இல்லை, நாற்பது நிமிடமாக, உள்ளே ஆடிக்கொண்டே இருக்கிறது.

ஒன்பதாம் எண், பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. ஓடுதளத்துக்கு நேர் மேற்கே இருக்கிற பள்ளி. "இருநூத்திப் பதினாலு புள்ளைங்க பிரேயர்ல நின்னுட்டு இருந்தாங்க. அந்தப் பொண்ணு விமானத்தத் திருப்பலீன்னா நான் இன்னைக்கு இங்க நின்னு பேசிட்டு இருக்கமாட்டேன். அந்தப் பொண்ணத் தெனமும் கும்புடறேன். ஆனா அடுத்த தடவ ஏறிப்போறவங்க திருப்புவாங்கன்னு என்ன உத்தரவாதம்? வேண்டாங்க, மூடிருங்க." யாரும் கைதட்டவில்லை. எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டார், தோளிலிருந்த பை நழுவியது. அன்றைக்கும் பிரேயர் பாட்டு ஓடுதளம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது, அர்த்தநாரிக்கு நினைவிருக்கிறது. அதற்கு முந்தின ராத்திரி நல்ல மழை. கொட்டகையில் இடமில்லாமல் அந்த விமானம் வெளியே நின்றிருந்தது. இடது இறக்கையில் மூன்று சொட்டுத் தண்ணீர் வந்தது, கொட்டிவிட்டு மறுபடி பிடித்தார், சுத்தம், லாபம் என்றார். வலது இறக்கையில் ஒன்றுமில்லை, ரெண்டு. எழுந்து வயிற்றுப் பக்கம் போகக் குனிந்தபோதுதான் கிருபாகர் கத்தினார், "பெரியவரே, ஆடு! ஆடு!" ஓடுதளத்தில் ஏழு வெள்ளாடு. ஜெமிமா அப்போதுதான் சோதனை நோட்டோடு வந்தாள். அவர் குப்பியை அவள் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, ஓடுகிற ஓட்டத்தில், திரும்பிப் பார்த்துச் சொன்னார். "லாபம், ரெண்டு ஆச்சு அம்மிணி." அவள் குப்பியைத் தூக்கி ஆட்டி, "சரிங்கய்யா, முடிஞ்சுது!" என்றாள். அந்த முடிஞ்சுது அவர் காதில் அன்றைக்கே விழுந்தது. மிச்சத்தை நான் முடித்துக்கொள்கிறேன் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். இத்தனை நாளும் அப்படித்தான் எடுத்து வைத்திருந்தார். லாபம், அதற்கு மேல் ரெண்டு. மொத்தம் மூன்று. கோப்பையில் மூன்று கரண்டி. அவள் கணக்கில் மூன்றும் முடிந்துபோயிருக்கிறது. அவள் மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள், அவளுக்குத் தெரிந்த வரைக்கும் அது நிஜம்.

ஏழு ஆட்டையும் வேலிக்கு அந்தப் பக்கம் விரட்டி எண்ணி முடித்தபோது விமானம் அவரைக் கடந்து ஓடியது. கையில் இருந்த குச்சியை உயர்த்திக் காட்டினார், எப்போதும் காட்டுவது போல. சக்கரம் தரையை விட்டது. போனது என்று மனசுக்குள் ஒரு கோடு. பிறகு அந்தச் சத்தம், இல்லை, சத்தமில்லாமை. எஞ்சின் இரண்டு தடவை இருமியது, தொண்டையில் சோறு சிக்கிய மனுஷனைப் போல. அப்புறம் பிரேயர் பாட்டு மட்டும் கேட்டது. முன்னாலிருந்த விசிறி நின்றுவிட்டது தெரிந்தது, அதன் இரண்டு அலகும் தனித்தனியாகத் தெரிந்தன, தெரியக்கூடாது, பறக்கும்போது அவை தெரியவே கூடாது. நேரே போனால் பள்ளிக்கூடம். மூக்கை இடதுபுறம் திருப்பினாள். அவர் எண்ணினார், வேறென்ன செய்யத் தெரியும். லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டில் விமானம் மரவள்ளிக் காட்டுக்குள் போய்விட்டது. ஒன்பது என்று வாய் தானாகச் சொன்னது. ஒன்பதில் ஒன்றும் நடக்கவில்லை. பத்தில்தான் கிருபாகர் ஓட ஆரம்பித்தார்.

பதினோராம் எண்ணுக்குப் பேச ஆள் வரவில்லை. காத்திருப்பதில் மூன்று நிமிடம் குறைந்து போயிற்று. போக வேண்டாம், போக வேண்டாம் என்று கால்விரல்கள் செருப்பைப் பிடித்துக்கொண்டன. விசாரணைக்கு வந்தவர்கள் நல்லவர்கள், நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் கேட்டார்கள். அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்லிட்டுப் போனீங்க, அதே வார்த்தையச் சொல்லுங்க என்றார் கண்ணாடிக்காரர். அதே வார்த்தை. அறைக்குள் குளிர்சாதனம் ஓடியது, மேசையில் மடிக்கணினி, மூன்று பேரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். அங்கே போய் லாபம் என்று எப்படிச் சொல்வது. களத்துமேட்டுப் பேச்சு, பட்டிக்காட்டான் என்பார்கள், சிரிப்பார்கள், இல்லை, சிரித்திருக்கமாட்டார்கள், ஆனால் என்ன அர்த்தம் என்று கேட்டிருப்பார்கள். கேட்டிருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும். அவர் வார்த்தையைச் சுத்தம் பண்ணிச் சொன்னார். "ஒண்ணு, ரெண்டு ஆச்சு, இன்னும் ஒண்ணு இருக்குன்னு சொன்னனுங்க." இன்னும் ஒண்ணு இருக்கு என்று அவர் சொல்லவே இல்லை. அர்த்தம் அதுதானே என்று சேர்த்துச் சொன்னார். வாழ்நாளில் ஒரு எண்ணைக் கூட்டிச் சொன்னதில்லை, குறைத்துச் சொன்னதில்லை, அன்றைக்கு ஒரு வார்த்தையைக் குறைத்து மூன்று வார்த்தையைக் கூட்டினார். அறிக்கையில் இப்படி வந்தது. வயிற்றுக் குழாயில் தண்ணீர் இருந்தது. உதவியாளர் தெளிவாகச் சொல்லியும் விமானி மூன்றாவது சோதனையைச் செய்யாமலேயே செய்ததாகக் கையெழுத்திட்டுள்ளார். செய்யாமலேயே செய்ததாக. நாச்சிமுத்து கடையில் அந்த வரியை யாரோ சத்தமாகப் படித்தார்கள். "படிச்ச புள்ளைக, சோம்பேறித்தனம், டிக் அடிச்சுட்டுப் போயிருதுக" என்றார்கள். அர்த்தநாரிக்கு அந்தப் பேச்சு அன்றைக்கு வலித்தது. ஆனாலும், ஆனாலும் என்று ஒரு ஓரத்தில், நான் சொல்லிவிட்டுத்தானே போனேன் என்ற ஒரு சின்ன ஆறுதல் இருந்தது, அதைத் தின்றுகொண்டுதான் இரண்டு வருடம் தூங்கியிருக்கிறார்.

ஒருவேளை அவள் மறந்தே போயிருக்கலாம். ஒருவேளை வீட்டில் விளையாட்டுக்குச் சொல்வது வேறு, ஓடுதளத்தில் கணக்கு வேறாக இருக்கலாம். மூன்றாவது குழாயைத் தானே கண்ணால் பார்த்திருக்க வேண்டாமா அவள், படித்தவள்தானே, விமானி சொந்தமாகப் பார்க்கவேண்டும் என்றுதானே புத்தகத்தில் இருக்கிறது. நினைத்த உடனே உடம்பு கூசியது. பக்கத்தில் குந்தவைத்து உட்கார்ந்து குப்பியைத் தூக்கிப் பார்த்த ஒரே பிள்ளையைச் சொல்கிறோம். அவள் தன்னை நம்பினாள், அவ்வளவுதான் அவள் செய்த தப்பு. அர்த்தநாரி ஐயா எண்ணினால் தப்பாது என்று மற்ற பிள்ளைகளிடம் சொல்வாள். பன்னிரண்டாம் எண்காரர் கழகம் இருப்பதால் நாற்பது குடும்பம் பிழைக்கிறது என்றார். நாச்சிமுத்து, "நாப்பத்தி ஒண்ணு, என்னைய உட்டுட்டாரு" என்று முணுமுணுத்துவிட்டு, இவர் முகத்தைப் பார்த்து, "என்னங்கண்ணா, வேர்த்துக் கொட்டுது? சக்கரை ஏறிப்போச்சா? தண்ணி கொண்டாரட்டா?" என்றான். "வேண்டாம்டா." காலையில் கிளம்பும்போது அவர் பெண்டாட்டி கூடச் சொன்னாள், எழுதிக்கொடுத்தத மட்டும் படிச்சுட்டு வந்துருங்க, நீங்களா ஒன்னும் பேசாதீங்க என்று. அவர் தானாகப் பேசி எத்தனை வருடமாயிற்று. சட்டைப்பையில் கிருபாகர் எழுதிக்கொடுத்த தாள். ஒரே ஒன்று.

"பதிமூணு." எஸ்தர் எழுந்தார். ஒலிவாங்கி அவர் உயரத்துக்கு மேலே இருந்தது, யாரும் இறக்கிக் கொடுக்கவில்லை, எக்கி நின்று பேசினார். "நான் ஜெமிமாவோட அம்மா." ஓடுகிற பத்து விசிறியின் சத்தம் தனியாகக் கேட்டது. "ஓடுதளத்த மூடுங்க, மூடாதீங்கன்னு சொல்ல வரல. அது உங்க ஊரு, உங்க புள்ளைங்க. எம் பொண்ணு செய்யாதத செஞ்சேன்னு எழுதிட்டான்னு அறிக்கைல இருக்கு. அவ சின்ன வயசுலேர்ந்து பொய் சொல்லி நான் பாத்ததில்ல. ஆனா பெரியவங்க விசாரிச்சு எழுதியிருக்காங்க, நான் என்னத்தக் கண்டேன். அப்டி இருந்தா, அவளுக்காக உங்க எல்லார்கிட்டயும், அந்த ஸ்கூல் புள்ளைங்ககிட்டயும் நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். அவ்ளோதாங்க." கைகூப்பினார். மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மணி அடிக்கவில்லை. திரும்பி நடந்து வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அதை விரித்து, மறுபடி மடித்து உள்ளே வைத்தார்.

"பதினாலு. அர்த்தநாரி." கால்கள் எழுந்துவிட்டன. நாற்காலிகளுக்கு நடுவே இருபத்திரண்டு எட்டு வைத்தார். எண்ணியது எண்ணியபடி இருக்க, ஒலிவாங்கி முன்னால் நின்றார். அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "பெரியவரே, வேணுமா வேண்டாமா, காரணம் என்ன, சுருக்கமாச் சொல்லுங்க" என்றார். முதல் வரிசையில் கிருபாகர் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார், தாளை எடுங்கள் என்று. அர்த்தநாரி எடுக்கவில்லை. "முப்பத்தொரு வருசத்துல..." என்று ஆரம்பித்தார். தன் குரல் நாலா பக்கத்திலிருந்தும் தனக்கே திரும்பி வந்தது, பயமாக இருந்தது. "ஒரே ஒண்ணுன்னு சொல்லச் சொன்னாங்க. எனக்கு ஒண்ணுன்னு சொல்ல வராதுங்க." யாரோ சிரித்தார்கள். அவர் மேசைப் பக்கமிருந்து திரும்பி, நாற்காலிகளைப் பார்த்து, ஓரத்து நாற்காலியைப் பார்த்து நின்றார். ஒலிவாங்கி முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. கடைசி வரிசைக்குக் கேட்காது, பரவாயில்லை. "அம்மா, அன்னைக்கு அம்மிணிகிட்ட நான் ஒண்ணு, ரெண்டுன்னு சொல்லலீங்க. இன்னும் ஒண்ணு இருக்குன்னும் சொல்லலீங்க. விசாரணைல மாத்திச் சொல்லிப்போட்டேன். லாபம், ரெண்டு ஆச்சுன்னு சொல்லிட்டு ஓடுனேன்." எஸ்தர் புரியாமல் பார்த்தார். கிருபாகர் எழுந்து நின்றார். அதிகாரியின் கை மணிக்கு மேலே போயிருந்தது. "அம்மிணி பொய் எழுதலீங்க," என்றார் அர்த்தநாரி. "லாபம்னா அதுதானுங்க ஒண்ணு."

மணி அடித்தது. எஸ்தர் மடியில் இருந்த தன் வலது கையை ஏதோ வேறு யாருடையதோ போலப் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. லாபம் என்று ஒரு விரலை மடக்கினார். ரெண்டு என்று அடுத்ததை மடக்கினார். மூன்றாவது விரல் மடங்காமல் நின்றது. அந்த அம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.